காற்பந்துப் பருவம் நீண்டால் யாருக்கு லாபம்? யார் தலையில் செலவு?

கோலாலம்பூர்: ஆட்டங்கள் கூடினால் டிக்கெட் கூடுதலாக விற்கும், வருமானமும் கூடும். காற்பந்துப் பருவத்தை நீட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் பலரும் போடும் கணக்கு இதுதான். மலேசிய சூப்பர் லீக்கில் நடந்ததோ வேறு.

2023-இல் லீக் பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. 14 அணிகள் இருந்ததால் ஒவ்வோர் அணிக்கும் 26 ஆட்டங்கள். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தன் கால அட்டவணையை மாற்றியதால், மலேசியாவும் அதற்கேற்ப மாறத் தொடங்கியது. 2024/25 பருவம் மே மாதம் தொடங்கி, மறு ஆண்டு ஏப்ரல் வரை 11 மாதங்களுக்கு மேல் நீண்டது. ஆனால் 13 அணிகளே இருந்ததால் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள்தான். அதாவது மாதங்கள் கூடின; ஆட்டங்கள் குறைந்தன.

*மாதச் சம்பளமும் ஆட்ட வருமானமும்*

ஓர் அணியின் செலவு மாதக் கணக்கில் ஓடுகிறது. சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ, வீட்டு வாடகை எதுவும் ஆட்டம் இல்லாத வாரத்திலும் நிற்பதில்லை. டிக்கெட் பணம் மட்டும் சொந்தத் திடலில் ஆடும் நாளில்தான் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 25 ஆட்டக்காரர்கள், சராசரியாக ஆளுக்கு மாதம் 10,000 வெள்ளி என்றால் சம்பளம் மட்டும் மாதம் 250,000 வெள்ளி. சொந்தத் திடலில் 3,000 பேர் தலைக்கு 15 வெள்ளி கொடுத்தால் வரவு 45,000. அரங்க வாடகை, விளக்கு, பாதுகாப்பு, ஆம்புலன்ஸ் என 20,000 போனால் மிச்சம் 25,000 வெள்ளி.

இப்போது இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று ஆடுவதாக வைத்துக்கொள்வோம். 24 ஆட்டங்கள் 36 ஆகும். கூடும் 12 ஆட்டங்களில் சொந்தத் திடலில் நடப்பவை ஆறு. அவற்றால் கிடைப்பது 150,000 வெள்ளி. மற்ற ஆறுக்கும் வெளியூர்ப் பயணம். விமானமும் ஹோட்டலுமாக ஒரு பயணத்துக்கு 15,000 என்றால் 90,000 போய்விடும். கையில் நிற்பது 60,000.

இந்த 12 ஆட்டங்களைக் காலியாக இருக்கும் வாரங்களில் நுழைத்தால் அந்த 60,000 லாபம். அதற்காகப் பருவத்தையே மூன்று மாதம் நீட்டினால் சம்பளச் செலவு 750,000 கூடும். லாபம் எங்கே?

காலி வாரங்களை நிரப்புவதும் எளிதல்ல. நோன்பு மாதம், ஆண்டிறுதியில் கிழக்குக் கரை மாநிலங்களின் பருவமழை, தேசிய அணியின் ஆட்டங்கள் எல்லாம் குறுக்கே வரும். அடுத்தடுத்து ஆடினால் காயங்களும் கூடும். கூடுதல் ஆட்டக்காரர்கள் தேவைப்படுவார்கள்.

*தொலைக்காட்சிப் பணம்*

இங்கிலாந்து பிரீமியர் லீக் 1995-இல் அணிகளை 22-லிருந்து 20-ஆகக் குறைத்தது. ஓர் அணியின் ஆட்டங்கள் 42-லிருந்து 38-ஆகின. அதற்குப் பிறகும் வருமானம் பல மடங்கு பெருகியது. காரணம் தொலைக்காட்சி. 2025/26 முதல் நான்கு பருவங்களுக்கான உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 670 கோடி பவுன்.

ஒளிபரப்பாளர்கள் பணம் கொடுப்பது முடிவு தெரியாத ஆட்டங்களுக்கு. மலேசியாவில் 2014 முதல் 2024/25 வரை தொடர்ந்து 11 முறை ஜேடிதி அணியே வாகை சூடியது. வெற்றியாளர் பாதியிலேயே தெரிந்துவிட்டால், கூடுதல் சுற்றைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்?

*சுமை யாருக்கு?*

ஆர். ஆறுமுகம், எம். சந்திரன் ஆகியோர் ஆடிய 1970-களில் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு வேறு வேலை இருந்தது. பருவம் நீண்டாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது. 1989-இல் பகுதிநேரத் தொழில்முறை லீக்கும், 1994-இல் முழுத் தொழில்முறை லீக்கும் வந்தபின் காற்பந்தே வேலையாகிவிட்டது.

அணியிடம் பணம் இருந்தால் நீண்ட பருவம் ஆட்டக்காரருக்கு நல்லதுதான். கூடுதல் மாதங்களுக்குச் சம்பளம் உண்டு. பணம் இல்லையென்றால் அந்த மாதங்கள் சம்பளப் பாக்கியாக மாறும். 2025/26 பருவத்திற்கு முன் பேராவும் ஸ்ரீ பகாங்கும் விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. மூன்றுமே பழம்பெரும் மாநிலங்களின் அணிகள்.

பிள்ளைக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது என்று மகிழும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்பதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்பது நல்லது. ஒப்பந்தம் எத்தனை மாதம்? பருவம் நீண்டால் அந்த மாதங்களுக்கும் சம்பளம் உண்டா? சேமநிதிப் பணம் ஒவ்வொரு மாதமும் கட்டப்படுகிறதா?