பிள்ளையின் சம்பாத்தியமும் சர்க்கார் வரியும்

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருவோர், ஒன்றைக் கவனித்திருக்கலாம். மாலை கட்டுவோரிலும் தேநீர் ஆற்றுவோரிலும் மீசை அரும்பாத பிள்ளைகள் உண்டு. 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதை, சில விலக்குகள் தவிர, 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் அபாயமில்லாத வேலைகளைச் செய்யலாம்.

"வீட்டுச் சோற்றை உண்ணும் பையனுக்கு வரிக்கணக்கு ஏது?" என்று தகப்பனார்கள் கேட்பதுண்டு. வருமான வரிச் சட்டம் கேட்பது வேறு: அந்தப் பணம் எவ்வாறு வந்தது?

மைனர் குழந்தையின் பெயரில் வரும் வட்டி முதலியவற்றை, தாய் தந்தையரில் எவர் வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று 1992-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்தது. சொத்தைக் குழந்தைகள் பெயரில் பிரித்து வரியைக் குறைக்கும் தந்திரத்தை அடைப்பதே நோக்கம். ஆனால், உடலுழைப்பாலோ, தன் திறமையாலோ வித்தையாலோ பிள்ளை ஈட்டியது அவனுக்கே உரியது. பெற்றோர் கணக்கில் சேராது. 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டமும் இந்நியாயத்தைக் கைவிடவில்லை. வேடிக்கை என்னவெனில், அக்கூலியைப் பாங்கியில் போட்டு வட்டி வந்தால், அவ்வட்டி மீண்டும் பெற்றோர் கணக்குக்கே போய்விடும்!

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டுக்கு, புதிய முறையில் 4 லட்சம் ரூபாயும் பழைய முறையில் 2,50,000 ரூபாயும் வரம்பு. பூக்கடையில் மாதம் 12,000 ரூபாய் பெறும் பையனின் வருஷ வருமானம் 1,44,000 ரூபாய்தான். பொதுவாக அவன் கணக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லை. நாகஸ்வரம் வாசித்து 4,50,000 ரூபாய் ஈட்டும் பதினேழு வயதுப் பெண்ணோ தாக்கல் செய்தே தீரவேண்டும். தள்ளுபடியினால் அவள் செலுத்தவேண்டிய வரி பூஜ்யமாகலாம். ஆயினும் தாக்கல் செய்யும் கடமை நீங்காது. அவள் சார்பில் பாதுகாவலர் கையொப்பமிடுவார்.

வரம்புக்குட்பட்டவர்களும் அசட்டையாயிருத்தல் கூடாது. ஒரு நிறுவனம் அப்பெண்ணுக்கு 60,000 ரூபாய் கொடுக்கையில், தொழில்முறைக் கட்டணமெனக் கொண்டு பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டால், 6,000 ரூபாய் சர்க்காரிடம் போய்விடுகிறது. பான் எண் இல்லாவிடில் 12,000 ரூபாய்! மைனருக்கும் பான் எண் உண்டு. வருமானம் வரம்பைத் தொடாதிருந்தால், கணக்குத் தாக்கல் செய்து பிடித்த பணத்தைத் திரும்பப் பெறலாம். செய்யாதவருக்கு அப்பணம் தானாக வீடு தேடி வராது.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியதில் காலியான கஜானாவை நிரப்ப, 1860-இல் ஜேம்ஸ் வில்ஸன் இந்நாட்டில் வருமான வரியைப் புகுத்தினார். அன்று நம் ஜனங்களை எவரும் கேட்கவில்லை. இன்று சட்டம் நம்முடையது. முதற் கூலி வாங்கும் பிள்ளைக்கு, அந்தக் கூலியின் கணக்கை எழுதி வைக்கவும் பெரியவர்கள் கற்றுத்தருவார்களாக. கடமையை அறிவதற்கு மட்டுமன்று, தனக்குரியதைக் கேட்டுப் பெறுவதற்கும் அது உதவும்.