இது நல்ல வண்டா, கெட்ட வண்டா? கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்!

பாகூர் கொம்யூனில் உள்ள எங்கள் கிராமத்தில் சித்தப்பாவுக்கு அரைக் காணி கத்தரித் தோட்டம் இருக்கிறது. ஒருநாள் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார். சிவப்பு நிறம், கறுப்புப் புள்ளிகள். "தம்பி, இது நல்ல பூச்சியா, கெட்ட பூச்சியா?" என்று கேட்டார். படத்தைப் பார்த்ததும், "பொறிவண்டு சித்தப்பா, அசுவினியைத் தின்னும், விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனால் கத்தரி இலைகள் சல்லடையாகி இருந்தன. பச்சையை எல்லாம் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டிருந்தது அந்த வண்டு. கோபத்தில் தோட்டம் முழுவதும் மருந்தடிக்கக் கிளம்பிவிட்டார் சித்தப்பா. பக்கத்திலேயே அவரைப் பந்தலில் நிஜமான பொறிவண்டுகள் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தன. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதானே! ஒருநாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, இந்த முறை ஒழுங்காகப் படம் எடுத்தேன்.

படம் எடுக்கும்போது

* செல்போன் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை ஆன் செய்யுங்கள்.
* காலையில் வெயில் ஏறும் முன் போங்கள். பூச்சிகள் மந்தமாக இருக்கும்.
* மிக அருகில் போனால் போகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து, பிறகு கிராப் செய்யுங்கள்.
* முதுகு, பக்கவாட்டு, தலை என மூன்று படமாவது வேண்டும். உட்கார்ந்திருக்கும் செடியையும் எடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது

நான் செய்த முதல் தவறு வாட்ஸ்ஆப் படத்தை நம்பியது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த இடம் பற்றிய தகவலும் போய்விடும். யுஎஸ்பி கேபிள் மூலம் காப்பி செய்யுங்கள். வழியில்லையென்றால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு பைலில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போய்ப் பாருங்கள். எடுத்த தேதியும், ஜிபிஎஸ் எண்களும் இருந்தால் படம் சரியாக வந்திருக்கிறது.

பெயர் கண்டுபிடிக்க

ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவச இணையதளம் இதற்கு உதவுகிறது. 2008-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மாணவர்கள் மூவர் இறுதி ப்ராஜெக்ட்டாகத் தொடங்கியது இது. நம் நாட்டில் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் இதுபோல் படங்களை ஏற்றுக்கொள்கிறது.

1. அக்கவுண்ட் தொடங்கி, அப்லோட் கிளிக் செய்து படங்களை இழுத்துப் போடுங்கள்.
2. ஒரே பூச்சியின் படங்களைத் தேர்வு செய்து கம்பைன் அழுத்துங்கள்.
3. தேதி, இடம் தானாக வரும். வீட்டருகே எடுத்ததென்றால் லொகேஷனில் அப்ஸ்க்யூர்ட் தேர்வு செய்யுங்கள். மற்றவர்களுக்குச் சரியான இடம் தெரியாது.
4. பெயர்க் கட்டத்தில் கிளிக் செய்தால் கம்ப்யூட்டர் சில பெயர்களைச் சொல்லும். அது யூகம்தான். முதல் பெயரையே கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள்.
5. சப்மிட் செய்யுங்கள். மற்ற உறுப்பினர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். தேதி, இடம், படம் எல்லாம் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் 'ரிசர்ச் கிரேடு' கிடைக்கும்.

எனக்கு வந்த பதில், ஹெனோசெபிலாக்னா விஜின்டியோக்டோபங்க்டாட்டா! பெயரிலேயே 28 புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் புள்ளியை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். இதன் முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும். அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு பளபளக்கும். இதன் புழு மஞ்சளாக, கிளைவிட்ட முட்களோடு இருக்கும். நல்லதன் புழு கறுப்பாக, நீளமாக, குட்டி முதலை மாதிரி இருக்கும். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில் அந்த ரோமம் எனக்குத் தெரியவே இல்லை.

சித்தப்பா மருந்து டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, கத்தரியில் முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்கினார். அவரைப் பந்தலைத் தொடவில்லை.

உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ, ஊசுடு ஏரிக்கரையிலோ அடுத்த ஞாயிறன்று ஒரு பூச்சியைப் படம் எடுத்து ஏற்றிப் பாருங்களேன். பெயர் தெரிந்த பிறகு மருந்தடிப்பதா, விடுவதா என்று யோசிக்கலாம்.