2700 கலோரி யாருடைய உடலுக்கு?

குறைந்தபட்ச ஊதியம் பற்றிய விவாதங்கள் ரூபாயில் தொடங்கி ரூபாயிலேயே முடிந்துவிடுகின்றன. அந்த ரூபாய்க்கு அடியில் ஓர் உடலியல் கணக்கு இருக்கிறது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு தேவை என்று ஏற்றுக்கொண்டு, அதையே ஊதிய நிர்ணயத்தின் முதல் அளவுகோலாக வைத்தது. எண்ணைத் தந்தவர் டாக்டர் அய்க்ராய்டு. 1935 முதல் 1945 வரை குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். அந்தக் கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மாநாட்டுத் தீர்மானம் இந்த எண்ணுடன் ஒரு நிபந்தனையையும் சேர்த்திருந்தது: 'மிதமான உழைப்பு' செய்யும் சராசரி இந்தியருக்கு. வழக்காடும்போது எண் நினைவில் நிற்கிறது, நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது.

உழைப்புக்கேற்ப உணவுத் தேவை மாறும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலர் லவாசியே, முதலில் கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து அதன் உடல் வெப்பத்தை அளந்தார். பிறகு மனிதர் வேலை செய்யும்போது எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவிடுகிறார் என்று அளந்தார். எரிவதும் சுவாசிப்பதும் அடிப்படையில் ஒன்றே என்று கண்ட அவர், 1789-இல் அந்த ஆய்வுரையிலேயே ஒரு சமூகக் கேள்வியையும் எழுப்பினார்: கைகளால் உழைக்கும் ஏழை, செல்வந்தனைவிட அதிகம் உண்ண வேண்டியிருக்க, அவனுக்குக் கிடைப்பதோ குறைவாக இருப்பது ஏன்? கேட்டவர் அரசனுக்காக வரி வசூலித்த குழுமத்தில் பங்குதாரர் என்பது வேறு கதை.

இன்று இக்கணக்கு எளிமையானது. ஒருவர் அசையாமல் படுத்திருக்கும்போது இதயமும் மூளையும் சிறுநீரகமும் இயங்குவதற்கு ஆகும் ஆற்றலை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது ஏறத்தாழ 1500 கலோரி. உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் அதை 1.4-ஆலும், மிதமான உழைப்பென்றால் 1.8-ஆலும், கடும் உழைப்பென்றால் 2.3-ஆலும் பெருக்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த அளவுகள் ஆணுக்கு முறையே 2110, 2710, 3470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660, 2130, 2720.

இனி இந்த எண்களைச் சட்டத்தின் குடும்பத்துக்குள் கொண்டுவருவோம். ஊதியச் சூத்திரத்தில் ஒரு குடும்பம் மூன்று நுகர்வு அலகு. உழைக்கும் ஆண் 1, மனைவி 0.8, இரு குழந்தைகள் தலா 0.6 என்பது வழக்கமான பிரிப்பு. மொத்தம் 8100 கலோரி. கணவனும் மனைவியும் கல்குவாரியில் கல் உடைப்பவர்களாக இருந்தால் என்ன ஆகும்? இருவருக்கும் சேர்த்து 6190 கலோரி போய்விடும். குழந்தைகளுக்குச் சூத்திரம் ஒதுக்கியது 3240, மிஞ்சுவது 1910. கல் உடைக்கும் பெண்ணின் தேவையான 2720, முழு அலகாக எண்ணப்படும் ஆணின் 2700-ஐயே தாண்டுகிறது. அவளைத்தான் சூத்திரம் 0.8 என்கிறது. 1957 தீர்மானம் பெண்ணின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றது. அது ஊதியத்தைக் காக்கும் ஏற்பாடு, நல்லதே. ஆனால் வருமானத்தோடு சேர்த்து அவளுடைய உழைப்பும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. உழைப்பாளிகளின் உடல் சிறியது, சிறிய உடலுக்குக் குறைந்த உணவு போதும் என்பார்கள். 1980-களில் டேவிட் செக்லர் என்ற பொருளியலர் 'சிறியது, ஆனால் நலமானது' என்றே இதற்குப் பெயரிட்டார். ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் இதைக் கடுமையாக மறுத்தார். நமக்கும் இதில் சமரசமில்லை. தலைமுறைகளாகப் பட்டினி குறுக்கிய உடலைக் காட்டி, இந்த உடலுக்கு இது போதும் என்பது, குற்றத்தின் விளைவையே அதற்கு நியாயமாக்குவதாகும்.

பற்றாக்குறையை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்பதும் ஆராயப்பட்டதே. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், தாமே முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துக் கொடுத்தார். எடையில் சுமார் கால் பங்கு போனது. ஓய்வு நிலையில் செலவாகும் ஆற்றலும் வெகுவாகக் குறைந்தது. அவர்கள் மெதுவாக நடந்தார்கள், எதிலும் நாட்டமற்றுப் போனார்கள், குளிரால் நடுங்கினார்கள். வரவு குறைந்தால் உடல் செலவைக் குறைக்கிறது. அதன் வெளித்தோற்றமே சோர்வு. நம் சேரி மக்களைச் 'சோம்பேறிகள்' என்று ஏசிய பண்ணையார்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை இந்த ஆய்வு விளக்கிவிடுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதி உழைப்பாளர்களில் பாதிக்கு நெருக்கமானோர் விவசாயக் கூலிகள். ஆகவே இந்தப் பெருக்கெண் விவகாரம் நமக்கு வெறும் ஆய்வகச் செய்தியன்று. ஆனால் கணக்கோ எதிர்த்திசையில் நகர்கிறது. 2019-இல் சத்பதி குழு, குடும்பத்தை 3.6 அலகாக உயர்த்திக்கொண்டே, ஆளுக்கான அளவை 2400 கலோரியாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. நாட்டின் உழைப்பு சராசரியாக இலகுவாகிவிட்டதாம். கணினி முன் அமர்ந்திருப்பவரின் ஓய்வு, சூளையில் மண் சுமப்பவரின் தட்டிலிருந்து கழிக்கப்படுகிறது. 2020 வரைவு விதிகள் 2700-ஐத் தக்கவைத்தன; கடும் உழைப்புக்கெனத் தனி உணவளவு எதையும் அவை தரவில்லை.

குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் குறைந்தபட்சமே உழைப்பவரின் உடல் செலவை ஈடுகட்டாதபோது, அதே வாதத்தை ஒரு படி முன்னே கொண்டுசெல்ல இடமுண்டு. ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019-இன் 6-ஆவது பிரிவு, தாங்க இயலாத வெப்பம், ஆபத்தான தொழில், சுரங்க வேலை போன்ற கடினங்களை அரசு கணக்கில் கொள்ளலாம் என்கிறது. 'கொள்ள வேண்டும்' என்று சொல்லவில்லை. அரசு ஊதிய வரைவை வெளியிட்டால், கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். குவாரி, செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்கான வரைவு வரும்போது 3470, 2720 என்ற இரு எண்களையும் ஆட்சேப மனுவில் எழுதி, ஆராய்ச்சிக் கழகத்தின் அட்டவணையை இணைத்துக் கொடுப்போம்.