அணைக்க முடியாத நெருப்பு: திண்ம எரிபொருள் ஏவுகணைகளின் கதை

என் வாப்பா குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே படகு ஓட்டுபவர். நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் நாக விகாரைக்கும் போகும் யாத்திரிகர்களே அவருடைய பயணிகளிற் பெரும்பாலானோர். அவருடைய படகில், சுக்கானுக்கு மேலே, பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருக்கிறது. அது டாக்டர் அப்துல் கலாமின் படம். "அவருடைய வாப்பாவும் கோவிலுக்குப் போற சனத்தைப் படகில ஏத்தினவர்தான்" என்று வாப்பா பயணிகளிடம் பெருமையாகச் சொல்வார். அது உண்மையே. கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப் படகு ஒன்றைக் கட்டினார் என்று கலாம் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இராமேஸ்வரம் எங்களுக்குத் தூர தேசமல்ல. நெடுந்தீவுக் கரையில் நின்றால் சில இரவுகளில் எங்கள் கைபேசிகள் இந்திய வலையமைப்பைப் பிடித்து, இந்தியாவுக்கு வரவேற்கும் குறுஞ்செய்தியைத் தந்துவிடும்.

எமது கல்லூரி விஞ்ஞானக் கழகத்திற் பேசுவதற்காகக் கலாமைப் பற்றி ஓர் உரை எழுதி, வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். "அக்னி ஏவுகணையின் தந்தை" என்ற இடம் வந்ததும் உம்மும்மா கையை உயர்த்தி நிறுத்தினார். யாழ்ப்பாணம் சோனகதெருவிற் பிறந்து, ஷெல் சத்தத்துக்குப் பிள்ளைகளோடு பங்கருக்குள் ஒளிந்து, 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போய், பல வருடங்களின் பின் திரும்பி வந்தவர் அவர்.

"மகள், நீ சொல்ற சாமானும் ஷெல் மாதிரித்தானே? அது போய் எங்க விழும்?"

என்னிடம் விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்தவற்றை, எனது தோழிகளுக்கும் பெற்றோர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை என்றால் என்ன? 5,500 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள இலக்கைத் தாக்கக்கூடிய ஏவுகணையையே உலக நாடுகள் இப்பெயரால் அழைக்கின்றன. எங்கள் இலங்கையின் வடக்குத் தெற்கு நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். அதைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான தூரம் இது. இவ்வளவு தூரமும் அதன் இயந்திரம் எரிந்துகொண்டே போவதில்லை. முதல் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மாத்திரமே எரியும். அதன் பின் அது எறியப்பட்ட ஒரு கல்தான். வளிமண்டலத்தைத் தாண்டி விண்வெளிக்குள் ஏறி, புவியீர்ப்பினால் வளைந்து, மறுகண்டத்தில் இறங்கும். முழுப் பயணத்துக்கும் எடுப்பது சுமார் 30 நிமிடங்கள். பௌதிகவியல் வகுப்பில் நாம் படிக்கும் எறியப் பாதைதான் இது. அளவு மட்டும் பெரியது.

விண்வெளியில் காற்று இல்லை. ஆகவே ரொக்கெட் தனக்கு வேண்டிய எரிபொருளை மட்டுமன்றி, அதை எரிக்கும் ஒட்சியேற்றியையும் தன்னோடு சுமந்து செல்ல வேண்டும். இவற்றைத் திரவமாகச் சுமப்பதா, திண்மமாகச் சுமப்பதா என்பதிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

எங்கள் சமையலறையிலிருந்தே உதாரணம் சொல்லலாம். மண்ணெண்ணெய் அடுப்பின் சுவாலையை நாம் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். திரவ எரிபொருள் ரொக்கெட் இதைப் போன்றது. இரண்டு தாங்கிகளிலிருந்து திரவங்கள் குழாய் வழியே வந்து எரிகின்றன. குழாயை மூடினால் நெருப்பு நின்றுவிடும். திண்ம எரிபொருள் ரொக்கெட்டோ ஈர்க்கில் வாணத்தைப் போன்றது. எரிய வேண்டிய யாவும் உள்ளே கலந்து இறுகியிருக்கின்றன. திரியில் நெருப்பு வைக்கும்வரை அது அமைதியாக இருக்கும். வைத்த பின், உள்ளே இருப்பது முடியும்வரை எரியும்.

முதலில் வென்றவை திரவ ரொக்கெட்டுகளே. 1957 ஓகஸ்டில் சோவியத் ஒன்றியம் பரீட்சித்த ஆர்-7 தான் உலகின் முதலாவது கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அதே வகை ரொக்கெட்தான் அவ்வருடம் ஒக்டோபர் 4 ஆம் திகதி ஸ்புட்னிக் செய்மதியையும் ஏற்றிச் சென்றது. அது மண்ணெண்ணெயையும் திரவ ஒட்சிசனையும் எரித்தது. திரவ ஒட்சிசனின் கொதிநிலை சுமார் மறை 183 பாகை செல்சியஸ். நிரப்பி வைத்தால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எனவே ஏவுவதற்குச் சற்று முன்னர்தான் நிரப்ப வேண்டும். அதற்குப் பல மணித்தியாலங்கள் பிடிக்கும்.

நிரப்பியே வைத்திருக்கக்கூடிய திரவங்களும் பின்னர் வந்தன. ஆனால் அவை நச்சுத்தன்மையும் அரிக்கும் தன்மையும் உடையவை. ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்பவை. 1960 ஒக்டோபர் 24 ஆம் திகதி பைக்கனூர் ஏவுதளத்தில் ஆர்-16 ஏவுகணை நிலத்திலேயே தீப்பற்றியபோது, அருகிலிருந்த மார்ஷல் நெடெலின் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1980 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில், திருத்த வேலை செய்தவரின் கையிலிருந்து தவறி விழுந்த ஒரு கருவித்துண்டு டைட்டன்-2 ஏவுகணையின் தாங்கியைத் துளைத்தது. சில மணித்தியாலங்களின் பின் அது வெடித்து ஒருவர் உயிரிழந்தார்.

திண்ம எரிபொருள் இதைவிட மிகப் பழையது. சீனர்களின் வெடிமருந்து வாணங்கள் அவ்வகையே. ஹைதர் அலியினதும் திப்பு சுல்தானினதும் படைகள் இரும்புக் குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, 1780 இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படைக்கு எதிராக ஏவின. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த பின்னர், அந்த ரொக்கெட்டுகளைப் பார்த்தே இங்கிலாந்தில் வில்லியம் கொங்கிரீவ் தமது ரொக்கெட்டுகளை உருவாக்கினார்.

அப்படியானால் பெரிய திண்ம ரொக்கெட் செய்ய ஏன் இவ்வளவு காலம் எடுத்தது? இரசாயனவியல் படிப்பவர்களுக்கு விடை தெரியும். மேற்பரப்பு கூடினால் தாக்க வீதமும் கூடும். கற்கண்டைவிடச் சீனி விரைவாகக் கரைவது அதனால்தான். திண்ம எரிபொருட் கட்டியில் ஒரு வெடிப்புக் கீறு விழுந்தால், அதற்குள்ளும் நெருப்புப் புகுந்து எரியும் மேற்பரப்பு திடீரெனப் பெருகும். அமுக்கம் ஏறி ரொக்கெட் வெடித்துவிடும். பெரிய கட்டிகள் கீறு விழாமல் இருப்பது கடினம். 1942 இல் கலிபோர்னியாவில் ஜாக் பார்சன்ஸ் என்பவர் வீதிக்குப் போடும் தாரையே பிணைபொருளாகப் பயன்படுத்திப் பார்த்தார். தார் வெயிலில் உருகும், குளிரில் வெடிக்கும். பின்னர் வந்த செயற்கை இறப்பர்தான் வழிகாட்டியது. இறப்பர் எரிபொருளாகவும் இருந்தது; துகள்களைப் பிணைத்து, வளைந்து கொடுத்து, கீறு விழாமலும் காத்தது. 1950களில் அலுமினியத் தூளைச் சேர்த்தால் உந்துவிசை பெரிதும் கூடுகிறது என்பதும் கண்டறியப்பட்டது.

எரிபொருட் கட்டியின் நடுவில் நீளமாக ஒரு துளை இருக்கும். எரிதல் அங்கே தொடங்கி வெளிப்புறமாகப் பரவும். துளை வட்டமாக இருந்தால் எரிய எரிய மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகும். ஆகவே அதை நட்சத்திர வடிவில் அமைப்பார்கள். பப்பாசிப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் தெரியும் குழியின் வடிவம்தான் அது. இதனால் எரியும் பரப்பு தொடக்கம் முதல் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்.

இவ்வறிவெல்லாம் ஒன்றுசேர்ந்ததன் விளைவே 1962 இல் அமெரிக்கா நிலத்தடிக் குழிகளில் நிறுத்திய மினிட்மேன். உலகில் முதன்முதலாகச் சேவைக்கு வந்த, திண்ம எரிபொருளால் இயங்கும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அதுவே. 'ஒரு நிமிடத்தில் ஆயத்தமாகும் போர்வீரன்' என்பதே பெயரின் கருத்து. நிரப்ப வேண்டியதில்லை, வருடக்கணக்காகக் குழிக்குள் காத்திருக்கும், கட்டளை வந்தால் நிமிடக் கணக்கில் புறப்படும். அதன் வழியில் 1970 இல் வந்த மினிட்மேன்-3 இன்றும் சேவையில் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் 1980களில் டோபல் ஏவுகணையை வாகனத்திலேயே ஏற்றி நடமாடவிட்டது. 2023 ஏப்ரலில் வட கொரியாவும் ஹ்வாசொங்-18 என்ற திண்ம எரிபொருள் ஏவுகணையைப் பரீட்சித்தது.

இனி இராமேஸ்வரத்து மகனிடம் வருவோம். 1963 நவம்பர் 21 ஆம் திகதி கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதலாவது ஆய்வு ரொக்கெட் ஏவப்பட்டபோது அந்தக் குழுவில் கலாம் இருந்தார். அதுவும் திண்ம எரிபொருள் ரொக்கெட்தான். பின்பு இந்தியாவின் முதலாவது செய்மதி ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 திட்டத்துக்கு அவர் தலைவரானார். 22 மீற்றர் உயரமும் 17 தொன் நிறையும் கொண்ட அதன் நான்கு கட்டங்களும் திண்ம எரிபொருளாலானவை.

1979 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அது முதன்முறையாக ஏவப்பட்டது. புறப்படுவதற்குச் சற்று முன் கணினி 'நிறுத்து' என்றது. நிபுணர்கள் பரவாயில்லை என்றனர். கலாம் ஏவும்படி முடிவெடுத்தார். முதற் கட்டம் நன்றாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில், கட்டுப்பாட்டுத் தொகுதியிலிருந்த நைத்திரிக் அமிலம் கசிந்து போயிருந்ததால் ரொக்கெட் நிலைதடுமாறியது. 317 செக்கன்களில் எல்லாம் வங்கக் கடலில் விழுந்தன. அன்று ஊடகங்களின் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 ஆம் திகதி அது வென்றபோது, பேசும்படி கலாமை முன்னே அனுப்பியவரும் அவரே.

இந்தச் சம்பவத்தை நாம் பெரும்பாலும் தலைமைத்துவத்துக்கு உதாரணமாகவே சொல்கிறோம். நான் அதில் இன்னொன்றையும் காண்கிறேன். யோசிக்கச் சில செக்கன்கள்தான் இருந்தன. பற்றவைத்த பின் திரும்பப் பெற வழியிருக்கவில்லை. நல்ல காலம், அதிலிருந்தது ஒரு சிறிய செய்மதி மட்டுமே.

அதே எஸ்.எல்.வி.-3 இன் முதற் கட்டமே 1989 மே 22 ஆம் திகதி ஏவப்பட்ட முதலாவது அக்னியின் முதற் கட்டமாகவும் அமைந்தது. அதன் இரண்டாம் கட்டம் திரவ எரிபொருளுடையது. 1999 இல் வந்த அக்னி-2 முழுவதும் திண்ம எரிபொருளுக்கு மாறியது. 2012 ஏப்ரல் 19 ஆம் திகதி பரீட்சிக்கப்பட்ட அக்னி-5 மூன்று திண்மக் கட்டங்களோடு 5,000 கிலோமீற்றருக்கு மேல் செல்வது. அது ஏவப்பட்ட ஒடிசாவின் வீலர் தீவுக்கு, கலாம் மறைந்த 2015 ஆம் ஆண்டிலேயே அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆக, செய்மதியை ஏற்றுவதும் ஏவுகணையைச் செலுத்துவதும் ஒரே நெருப்புத்தான். இதனால் வந்த ஆபத்தையும் உலகம் கண்டிருக்கிறது. 1983 செப்டெம்பர் 26 ஆம் திகதி, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைத் தொகுதி அறிவித்தது. கடமையிலிருந்த அதிகாரி ஸ்ரனிஸ்லாவ் பெட்ரோவ், ஐந்தே ஏவுகணைகளோடு எவரும் போர் தொடங்கமாட்டார் என்று யோசித்து, அது பிழையான அறிவிப்பு என மேலிடத்துக்குச் சொன்னார். அது பிழையான அறிவிப்பே. 1995 ஜனவரி 25 ஆம் திகதி நோர்வே ஏவிய ஒரு விஞ்ஞான ரொக்கெட்டை ரஷ்யா ஏவுகணையோ எனச் சந்தேகித்தது. ஜனாதிபதி யெல்ட்சினின் முன் அணு ஆயுதக் கட்டளைப் பெட்டி திறக்கப்பட்டது. அந்த ரொக்கெட் வடதுருவ ஒளியை ஆராயச் சென்றது. தும்பாவில் ஏவப்பட்டதைப் போன்ற, திண்ம எரிபொருள் ஆய்வு ரொக்கெட்.

திண்ம எரிபொருள் மனிதனுக்குத் தந்தது பாதுகாப்பான சேமிப்பு. அது அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது யோசிக்கும் நேரம். திரவம் நிரப்பும் அந்த மணித்தியாலங்களில் ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம். ஒருவர் மனம் மாறலாம். இன்று எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே.

கலாமின் கதையில் நான் மிக விரும்பும் பகுதி வேறொன்று. ஏவுகணைக்காக உருவாக்கிய பாரமற்ற கலப்புப் பொருளைப் பார்த்த ஒரு வைத்தியர், அவரை ஹைதராபாத்தில் தமது நோயாளரிடம் அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர்கள் மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட உலோகத் தாங்குகருவிகளைக் கால்களிற் கட்டி இழுத்து நடந்தனர். கலாமின் குழு அதே பொருளில் 300 கிராம் நிறையுள்ள கருவிகளைச் செய்து கொடுத்தது. பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். பெற்றோர்கள் கண்ணீர் விட்டார்கள் என்று கலாம் பல மேடைகளில் கூறியிருக்கிறார்.

இவையெல்லாவற்றையும் உம்மும்மாவுக்கு விளக்கினேன். கால் கருவியின் கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். "அது நல்ல வேலை" என்றார். பிறகு, "மற்றது எங்க விழும் எண்டு நீ இன்னும் சொல்லேல்ல" என்றார். "ஏவுறவர் காட்டுற இடத்தில விழும், உம்மும்மா. செய்தவர் பிறகு சொல்லி நிப்பாட்ட ஏலாது" என்றேன். அவர் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்.

வாப்பா படத்தைக் கழற்றவில்லை. கழற்றும்படி நானும் கேட்கவில்லை. கடந்த வாடைக்காற்றுக் காலத்தில் ஒருநாள், குறிகட்டுவானை விட்டுப் பாதித் தூரம் போன பின் கடல் கொந்தளித்தது. வாப்பா இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, வானத்தை ஒருமுறை பார்த்து, படகைத் திருப்பினார். பயணிகள் சிலர் முணுமுணுத்தார்கள். எல்லோரும் நனைந்து, நேரம் பிந்தி, ஆனால் முழுசாகக் கரையேறினோம். அந்தப் படத்தின் கீழே நின்று சுக்கானைத் திருப்பிய வாப்பாவின் கையைப் பார்த்தபோதுதான், எனது உரையின் கடைசிப் பந்தியை மாற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.