காற்று கொடுக்கும் ஆறு மாதம்

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குத் தெற்கே களப்புப் பாலத்தைக் கடந்தால் உல்லை. வெளியுலகத்துக்கு இது அறுகம்பை. சித்திரை பிறந்தால் தெருவின் இருபுறமும் அலைச்சறுக்குப் பலகை வாடகைக் கடைகள் திறக்கும். ஐப்பசி மழை இறங்கினால் பெரும்பாலானவை பூட்டிவிடும்.

எல்லாம் தென்மேற்குப் பருவக்காற்றின் தயவு. வைகாசி, ஆனியில் தென்மேற்குக் கரையில் வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் கடலைக் கலக்கி அடிக்கும் அதே காற்று, நாட்டைக் குறுக்கே கடந்து இங்கே வரும்போது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தென்சமுத்திரத்துப் புயல்கள் கிளப்பிவிட்ட நெடிய அலை, குடாவின் தெற்கு முனையில் வளைந்து திரும்பும். எதிர்க்காற்று அதைச் சட்டென்று விழவிடாது. முனையில் உடையத் தொடங்கும் அலை குடாவுக்குள் உடைந்துகொண்டே ஓடும். பலகையில் ஏறியவர் வலப்பக்கமாகச் சில நூறு மீற்றர் போகலாம். ஆனால் விடிகாலையிலேயே இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் கடற்காற்று புகுந்து அலையைக் குலைத்துவிடும்.

அரை வருட உழைப்பில் முழு வருடமும் சாப்பிட வேண்டிய ஊர் இது. அந்த அரை வருடத்தில் ஒரு வாரம் தவறினாலும் வலிக்கும். பருவத்துக்கு வெளியேயும் அடி விழுந்தது: 2004 டிசம்பர் 26 சுனாமி கரையை வழித்துப் போனது. அமெரிக்க உதவியில் புதுப்பாலம் வந்தது. 2024 ஒக்டோபர் 23 அன்று அதே அமெரிக்காவின் கொழும்புத் தூதரகம், இங்கே தாக்குதல் நடக்கலாம் என எச்சரித்தது. இஸ்ரேல் தன் குடிமக்களை உடனே வெளியேறச் சொன்னது. தாக்குதல் நடக்கவில்லை, ஆனால் தெருவெங்கும் சோதனைச் சாவடி. ஆள்வரவை வைத்தே பிழைக்கும் ஊருக்கு வதந்தியே போதும்.

கடலுக்குப் போவது ஆண்களின் தொழில் என்று பழகிய இந்தக் கரையில், 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். விடுதிகளின் எண்ணிக்கையைவிட இதைத்தான் நான் வளர்ச்சி என்பேன்.

பலகைக்காரர்கள் குவியும் அதே பருவத்தில்தான் கதிர்காமப் பாதயாத்திரையும் வருகிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டவர்கள், மட்டக்களப்பு தாண்டி, பொத்துவில் வழியாக, பாணமைக்கும் அப்பால் ஒகந்தை முருகனிடம் போய்ச் சேர்கிறார்கள். அங்கே கோயிலடியிலும் நல்ல அலை உண்டு. வெள்ளைக்காரர் ஆட்டோவில் பலகையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அடியார்களோ குமண, யால காட்டுப்பாதை திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அன்னதானத்தில் சாப்பிட்டு மரத்தடியில் படுப்பவர்களால் விடுதிக்காரருக்கு வரும்படி ஏதுமில்லை. ஆனால் எந்தத் தூதரகம் எச்சரித்தாலும் வருகிறவர்கள் இவர்கள்தான்.