டாக்டர் கனவா? பிளஸ்-1ல் எந்த "குரூப்"? பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் திண்டாட்டம்!

சென்னை நகரில் ஒவ்வொரு வருடமும் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு காட்சியைப் பார்க்கலாம். பள்ளிக்கூட ஆபீஸ் ஜன்னல் முன்னால் நீண்ட கியூ. கையில் மார்க் ஷீட் ஜெராக்ஸ். பக்கத்தில் மிரண்டுபோய் நிற்கும் பையன் அல்லது பெண். பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்.

"டாக்டருக்குப் படிக்க வைக்கணும் சார்... எந்த குரூப் போடறது?"

ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் கிளார்க், "பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா, கம்ப்யூட்டரா? சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்கிறார். அப்பா பையன் முகத்தைப் பார்க்கிறார். பையன் அப்பா முகத்தைப் பார்க்கிறான். அரை நிமிடத்தில் ஒரு "டிக்" விழுந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து அந்த "டிக்"தான் எந்தக் காலேஜ் கதவு திறக்கும், எது மூடும் என்று முடிவு செய்கிறது!

கூட்டத்தில் அவசரப்பட்டு முடிவு செய்யாமல், கியூவில் நிற்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் இதோ.

மூன்று பாதைகள்

பி.யு.சி. காலத்து ஆட்கள் இன்னமும் "செகண்ட் குரூப் எடுத்தா டாக்டர், பர்ஸ்ட் குரூப் எடுத்தா இன்ஜினீயர்" என்றுதான் பேசுவார்கள். 1978ல் பள்ளிக்கூடங்களிலேயே பிளஸ்-1 வந்த பிறகு கணக்கும் உயிரியலும் ஒரே குரூப்பில் சேர்ந்துவிட்டன. அதனால் இப்போது பாதை மூன்று.

முதலாவது, பயோ-மேத்ஸ். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, உயிரியல்.

இரண்டாவது, பியூர் சயின்ஸ். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, தாவரவியல், விலங்கியல். கணக்கு கிடையாது.

மூன்றாவது, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ். உயிரியல் கிடையாது.

எந்தப் பாதையில் போனாலும் தமிழும் இங்கிலீஷும் சேர்த்து ஆறு பேப்பர். மொத்தம் 600 மார்க்.

முதல் இரண்டு குரூப்பில் எதில் படித்தாலும் எம்.பி.பி.எஸ்.சுக்குத் தகுதி உண்டு. மூன்றாவதில் நேரடியாக இல்லை. "கம்ப்யூட்டருக்குத்தான் மவுசு" என்று சேர்த்துவிட்டு, பிளஸ்-2 பாதியில் "எனக்கு டாக்டர் ஆகணும்ப்பா" என்று பெண் அழுதால் அப்பா என்ன செய்வார்?

ஒரு சந்து இருக்கிறது. பிளஸ்-2வில் உயிரியல் படிக்காதவர்கள் பிறகு அங்கீகாரம் பெற்ற போர்டு மூலம் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதி பாஸ் செய்தால் "நீட்" எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆனால் இரண்டு வருட உயிரியலைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரு வருடம் போய்விடும். சந்து இருக்கிறது என்பதற்காக மெயின் ரோட்டை விடுவார்களா?

மார்க் மட்டும் போதாது!

கட்-ஆப் கணக்கு அடிக்கடி மாறி வந்திருக்கிறது. 1984ல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ்-2 மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்து 300க்குக் கட்-ஆப் போட்டார்கள். 2007 சேர்க்கையில் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. உயிரியலுக்கு 100, பிசிக்சுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, ஆக 200 என்று பிளஸ்-2 மார்க்கை வைத்தே சீட் கொடுத்தார்கள்.

2017ல் இருந்து "நீட்" ஒன்றுதான் கணக்கு. பிளஸ்-2வில் 600க்கு 590 வாங்கினாலும், நீட் ரேங்க் இல்லாவிட்டால் எம்.பி.பி.எஸ். சீட் இல்லை. பிளஸ்-2 மார்க் வெறும் நுழைவுச் சீட்டுதான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, உயிரியல், இங்கிலீஷ் தனித்தனியாக பாஸ். அந்த மூன்று அறிவியல் பாடத்திலும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம். அவ்வளவுதான்.

"நீட் போயிடும்னு சொல்றாங்களே சார்?" என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. நீட் வேண்டாம் என்று 2021ல் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. 2022ல் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினார்கள். ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அரசியல் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். அதை நம்பி பையன் புத்தகத்தை மூடி வைக்க முடியாது.

கணக்கு வேண்டுமா, வேண்டாமா?

உண்மையான தலைவலி பயோ-மேத்சா, பியூர் சயின்சா என்பதில்தான்.

நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மார்க். அதில் பாதி, அதாவது 90 கேள்வி, 360 மார்க், உயிரியல். பிசிக்ஸ் 45 கேள்வி. கெமிஸ்ட்ரி 45 கேள்வி. கணக்குப் பாடத்தில் ஒரு கேள்வி கூடக் கிடையாது.

"அப்புறம் எதுக்கு சார் கணக்கு? அந்த நேரத்துல தாவரவியல், விலங்கியல் படிச்சா உயிரியல்ல 360ஐயும் அள்ளிடலாமே!" என்கிறார் புரசைவாக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பியூர் சயின்சில் தாவரவியல் ஒரு முழு பேப்பர், விலங்கியல் ஒரு முழு பேப்பர். பயோ-மேத்சில் இரண்டையும் ஒரே பேப்பரில் அடக்குகிறார்கள். உயிரியலை அதிக நேரம் படிப்பவன் பியூர் சயின்ஸ் மாணவன்தான்.

மீதிப் பாதியை, நீட் கோச்சிங் வகுப்பில் பிசிக்ஸ் எடுக்கும் வாத்தியார் ஒருவர் சொல்கிறார்: "உயிரியலை மனப்பாடம் பண்ணியாவது தேத்திடலாம். பசங்க விழறது பிசிக்ஸ்லதான். வெக்டார், டிரிக்னாமெட்ரி, லாக், டிபரென்சியேஷன் தெரியாம பிசிக்ஸ் கணக்கைத் தொட முடியாது. பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு பிசிக்ஸ் புக்லயே கொஞ்சம் சொல்லித் தராங்க. ஆனா கணக்கு குரூப் பையன் அதையே தினமும் போடறான். அவனுக்குக் கை வேகம் வந்துடுது."

கை வேகம் என்பது சாதாரண விஷயம் இல்லை. 180 கேள்விக்கு 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்! 2025ல் பிசிக்ஸ் கேள்விகள் கடுமையாக இருந்ததாக நாடு முழுக்க மாணவர்கள் புலம்பினார்கள். அந்த வருடம் முதல் ரேங்க் வாங்கியவரின் மார்க்கே 720க்கு 686தான்.

குருட்டடி கூடாது

சரியான பதிலுக்கு 4 மார்க். தப்பான பதிலுக்கு 1 மார்க் கழிவு. இதைக் கடைக்காரர்கள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்.

ஒரு மாணவனுக்கு பிசிக்சில் 15 கேள்விதான் நிச்சயமாகத் தெரியும் என்று வையுங்கள். அதை மட்டும் எழுதிவிட்டு மீதியைத் தொடாமல் விட்டால் 60 மார்க். "போட்டுத்தான் பார்ப்போமே" என்று மீதி 30ஐயும் குருட்டடி அடித்து எல்லாமே தப்பானால், 60ல் 30 கழிந்து கையில் நிற்பது 30! முதலுக்கே மோசம்.

இரண்டு கதவா, ஒரே கதவா?

குரூப் தேர்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாடு முழுவதும் 2025ல் 22 லட்சம் பேருக்கு மேல் நீட் எழுதினார்கள். 12 லட்சத்துக்கு மேல் தகுதி பெற்றார்கள். தகுதி பெற்ற எல்லோருக்கும் சீட் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அப்படியும் போட்டி குறையவில்லை.

எனவே, "சீட் கிடைக்காவிட்டால்?" என்ற கேள்வியைப் பிளஸ்-1ல் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

பயோ-மேத்ஸ் படித்தவனுக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங் கதவு திறந்தே இருக்கும். அங்கே கட்-ஆப் 200ல் கணக்குக்கு மட்டும் 100. பியூர் சயின்ஸ் படித்தவனுக்குக் கணக்கு இல்லாததால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

அதற்காகப் பியூர் சயின்ஸ் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கால்நடை மருத்துவம், விவசாயம், பி.எஸ்சி. நர்சிங் ஆகிய படிப்புகளுக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ்-2 மார்க்கை வைத்தே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. உயிரியலில் ஊறிய பிள்ளை இவற்றில் முந்திக்கொள்ளலாம். பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகியவற்றுக்கு நீட் கட்டாயம்.

கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளையை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பயோ-மேத்சில் தள்ளினால் கணக்கிலும் போகும், உயிரியலிலும் போகும். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் ஓரளவு மார்க் வாங்கி, பயமில்லாமல் கணக்குப் போடும் பிள்ளைக்குப் பயோ-மேத்ஸ்தான் பத்திரம்.

பிளஸ்-1ஐ முழுங்கும் பள்ளிகள்

குரூப் சரியாக எடுத்தும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. காரணம், பிளஸ்-1.

நீட் கேள்விகள் பிளஸ்-1, பிளஸ்-2 இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வரும். நியூட்டன் விதி, வெப்ப இயக்கவியல், தாவர, விலங்கு வகைப்பாடு, மனித உடலியங்கியல் எல்லாம் பிளஸ்-1 சரக்கு. ஆனால் பல பள்ளிகள் பிளஸ்-1 புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு, முதல் வருடமே பிளஸ்-2 பாடத்தை ஆரம்பித்துவிடும் வழக்கம் இருந்தது. இதைத் தடுக்கத்தான் 2018ல் பிளஸ்-1க்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் அந்தப் பொதுத் தேர்வு ரத்தாகிவிட்டது.

மாணவருக்கு ஒரு பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு. அட்மிஷன் சமயத்திலேயே, "பிளஸ்-1 பாடம் முழுசா நடத்துவீங்களா சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

உஷார்! 7.5 சதவீதம் போய்விடும்!

பல பேருக்குத் தெரியாத பெரிய விஷயம் இது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளிகள் சேராது.

எஸ்.எஸ்.எல்.சி. வரை கார்ப்பரேஷன் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை, "நல்ல ஸ்கூல்ல போட்டு டாக்டர் ஆக்கிடலாம்" என்று, வட்டிக்குக் கடன் வாங்கி வெளியூர் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கிறார்கள். அன்றைக்கே இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகிறது! பணமும் போய், சலுகையும் போய் நிற்பது எவ்வளவு பரிதாபம்! டி.சி. வாங்கும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

"சீட் வாங்கித் தரேன்" ஆசாமிகள்

பெற்றோரின் தவிப்பு எங்கே இருக்கிறதோ, அங்கே மோசடி ஆசாமியும் இருப்பான். "மேலிடத்துல ஆள் இருக்கு, நீட் மார்க் பத்தி கவலைப்படாதீங்க" என்று அட்வான்ஸ் கேட்பவனிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அரசு இடங்கள் ரேங்க் பட்டியல்படி கவுன்சிலிங்கில்தான் நிரப்பப்படுகின்றன.

2019ல் தேனி மருத்துவக் கல்லூரியில் ஆள் மாறாட்ட விவகாரம் வெடித்தது. வேறு ஆளை வைத்து நீட் எழுதிச் சீட் பிடித்ததாகப் புகார். சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரணையில் மாணவர்கள் மட்டும் அல்ல, பெற்றோரும் கைதானார்கள். டாக்டர் கனவு லாக்-அப்பில் முடிந்தது.

கியூவில் நிற்கும் முன்...

* டாக்டர் ஆசை பிள்ளையுடையதா, உங்களுடையதா என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்.

* கணக்கில் பயம் இல்லை என்றால் பயோ-மேத்ஸ். கணக்கே ஆகாது, உயிரியலில் உயிர் என்றால் பியூர் சயின்ஸ். டாக்டர் ஆசை துளி இருந்தாலும் உயிரியல் இல்லாத குரூப் வேண்டாம்.

* பியூர் சயின்ஸ் எடுத்தால், பிசிக்சுக்கு வேண்டிய கணக்கைப் பிளஸ்-1 முதல் மாதத்திலிருந்தே தனியாகப் போட்டுப் பழக ஏற்பாடு செய்யுங்கள்.

* சேர்ந்த பிறகு குரூப் பிடிக்கவில்லை என்றால் முதல் சில வாரத்திலேயே ஹெட்மாஸ்டரைப் பாருங்கள். காலாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு அழுது பிரயோஜனம் இல்லை.

* அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் பள்ளியை மாற்றும் முன் 7.5 சதவீதத்தை நினையுங்கள்.

* நீட் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசி வையுங்கள். "கிடைக்கலைன்னாலும் பரவாயில்லைடா, வேற படிப்பு இருக்கு" என்று அப்பா வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை, எந்தக் கோச்சிங் சென்டரும் தர முடியாத தைரியம்.

அட்மிஷன் பாரத்தில் "டிக்" போடுவது அரை நிமிட வேலை. அதற்கு முன்னால் வீட்டில் ஒரு மணி நேரம் பேசினால் போதும்.