ஒற்றியூர்ச் சாலை – 17: பாடிவிட்டுத் திரும்பும் வழி

ஊர் ஊராகப் போய்ப் பாடிய கலைஞர்களைப் பற்றி நம்மிடம் உள்ள கதைகள் பெரும்பாலும் வரவேற்பில் தொடங்கிச் சன்மானத்தில் முடிந்துவிடும். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஊரே திரண்டு வந்து கேட்டது என்பதோடு சரி. அவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கலைஞருக்குச் சோதனை வருவதோ அநேகமாகத் திரும்பும் வழியில்தான். போகும்போது கையில் பணம் இருக்காது. ஆனால் போகிற ஊரில் எதிர்கொண்டு அழைக்க ஆள் இருக்கும். திரும்பும்போது மடியில் கனம், உடம்பில் அசதி, தொண்டையில் கமறல், துணைக்கு ஆள் கிடையாது. வீட்டில் காத்திருந்தவர்கள் கேட்கப்போகும் கேள்விகள் வேறு பாக்கி இருக்கும்.

திருவொற்றியூர் அப்படித் திரும்பிப்போன இரண்டு பேரை நினைவில் வைத்திருக்கும் ஊர். ஒருவர் சுந்தரர். இன்னொருவர் தியாகையர். இருவருக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி. ஒருவர் திருவாரூரில் வாழ்ந்தவர், இன்னொருவர் திருவாரூரில் பிறந்தவர். இருவருமே தலம் தலமாகப் போய்ப் பாடியவர்கள், இங்கேயும் வந்து பாடியவர்கள், இந்தப் பக்கத்தை விட்டுக் கிளம்பியபின் வழியில் இடர்ப்பட்டவர்கள். அன்றைக்கு மைக்கும் இல்லை, சபா மேடையும் இல்லை. கோயில் மண்டபமும் புரவலர் வீட்டுக் கூடமும்தான் மேடை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே மெட்ரோவில் வந்தால் காலடிப்பேட்டையை அடுத்து ‘திருவொற்றியூர் தேரடி’ என்றே ஒரு நிலையம். 2021-ல் திறந்த தடம். கீழே நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகிற லாரிகளின் இரைச்சல். சாலையை விட்டு விலகிக் கோயிலுக்குள் போய்விட்டால் மகிழமரம். அதன் பூ சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். தரையில் விழுந்து பழுப்பேறிக் காய்ந்தபின்னும் வாசம் போகாது. கோயிலுக்கு வருகிற பெண்கள் குனிந்து நாலு பூவைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். நான் சொல்லவந்த முதல் கதை இந்த மரத்தடியில் தொடங்குகிறது.

சேக்கிழார் சொல்லும் வரலாறு இது. திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், தொண்டை நாட்டுத் தலங்களைப் பாடிக்கொண்டு ஒற்றியூர் வந்து சேர்கிறார். இங்கே கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்க்கிறார். சங்கிலியார் பக்கத்து ஞாயிறு கிராமத்துப் பெண். மணம் செய்துகொள்ள வேண்டுமானால் தன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தர வேண்டும் என்கிறார் அவர். சுந்தரர் சிவபெருமானிடமே ஓர் உதவி கேட்கிறார்: நான் சன்னதியில் சத்தியம் செய்ய வருவேன், அந்த நேரம் நீர் உள்ளே இராமல் மகிழமரத்தடிக்குப் போய்விடும். இறைவனும் சரி என்கிறார். சொல்லிவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார்! வேறு வழியில்லாமல் சுந்தரர் மரத்தைச் சுற்றிவந்து, பிரியேன் என்று சத்தியம் செய்கிறார்.

வசந்த காலம் வந்தது. திருவாரூரில் வசந்த விழா தொடங்கும் நேரம். பரவையார் ஆடலும் பாடலும் ஆரூர்த் தெருவும் நினைவுக்கு வர, சுந்தரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின.

பக்தி இலக்கியத்தில் எத்தனையோ தண்டனைகள் உண்டு. இதைப் போல என்னை உலுக்கியது வேறில்லை. ஊர் சுற்றிப் பாடுகிறவருக்கு ஒரே வீடு என்பது நடக்காத காரியம். எந்த ஊரில் தங்கினாலும் இன்னோர் ஊர் இழுக்கும். சங்கிலியாரின் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. சுந்தரரின் ஏக்கமும் பொய்யில்லை. சேக்கிழார் இந்த இரண்டில் எதையும் குறைத்துச் சொல்லவில்லை; அவருடைய பெருமையே அதுதான் என்பேன்.

கண் போனவர் திரும்பி வரவில்லை. தடவித் தடவி மேற்கே நடந்தார். முல்லைவாயில் கடந்து திருவெண்பாக்கம் சேர்ந்து, கோயில் வாசலில் நின்று, உள்ளே இருக்கிறீரா என்று இறைவனைக் கேட்டார். இருக்கிறேன், போய் வா என்று யாரோ அயலாரிடம் சொல்வதுபோல் பதில் வந்தது. கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல்தான் கிடைத்தது.

அந்தத் திருவெண்பாக்கத்தை இன்று போய்ப் பார்க்க முடியாது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்தை 1944-ல் கட்டி முடித்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போய்விட்டது. கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து கரையில் வேறிடத்தில் கட்டினார்கள். சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, கண்ணிழந்த பாடகர் கோல் வாங்கிய மண்ணின் மேல் தேங்கி நின்றுதான் வருகிறது. கொசஸ்தலை கடலில் சேர்வது எங்கே என்று பார்த்தால் அது எண்ணூர் முகத்துவாரம், ஒற்றியூரின் பக்கத்து வீடு. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் சேர்ந்து அந்த ஆற்றின் கடைசிப் பகுதியை என்ன பாடுபடுத்தியிருக்கின்றன என்பதை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

காஞ்சியில் ஏகம்பன் இடக்கண் கொடுத்தார். ஒற்றைக் கண்ணோடு சோழநாடு போய், வழியில் உடம்பில் நோயும் கண்டு, அது தீர்ந்து, திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தது. அதோடு முடிந்திருந்தால் சாதாரணப் புராணம். முடியவில்லை. ஒற்றியூரில் நடந்த கல்யாணச் செய்தி அவருக்கு முன்பே ஆரூர் போய்ச் சேர்ந்துவிட்டது. சுந்தரரின் ஆட்களைப் பரவையார் வீட்டில் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவரும் உள்ளே போக முடியவில்லை. இறைவனே அர்த்தராத்திரியில் தெருவில் நடந்து தூது போனார். முதல் முறை பரவையார் மறுத்துவிட்டார். இரண்டாம் முறை போனபிறகுதான் கதவு திறந்தது.

கண்ணைத் திரும்பப் பெற்றதைவிட வீட்டுக் கதவைத் திறக்க வைத்ததுதான் பெரும்பாடாக இருந்திருக்கிறது.

இந்தக் கதையை இந்த ஊர் மறக்கவே இல்லை. இரண்டாம் இராஜாதிராஜ சோழன் பங்குனி உத்திரத் திருவிழாவில் இங்கே வந்து, மகிழமரத்தடியில் அமர்ந்து, சுந்தரர் புராணம் வாசிக்கக் கேட்டதைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அது 12-ஆம் நூற்றாண்டு. இன்றைக்கும் மாசிப் பெருவிழாவில் சுந்தரர் சங்கிலியார் திருக்கல்யாணமும், மகிழமரத்தடியில் சத்தியம் செய்வதைக் காட்டும் மகிழடி சேவையும் நடக்கின்றன. காசிமேட்டிலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். கடலுக்குப் போன ஆண்களுக்காகக் காத்திருந்து பழகிய பெண்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய. பிரியமாட்டேன் என்ற வாக்கை அவர்கள் கைகூப்பிக் கேட்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், சங்கிலியாரின் பக்கத்து நியாயம் எனக்கு இன்னும் கூடுதலாகப் புரிகிறது.

சுந்தரருக்கு வேறொரு பயணத்தில் வேறொரு சங்கடமும் நேர்ந்தது. நண்பர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு ஆரூர் திரும்பும்போது திருமுருகன்பூண்டிப் பக்கம் வேடர்கள் வழிமறித்து அத்தனையையும் பறித்துக்கொண்டார்கள். வந்தவர்கள் சிவனின் பூதகணங்கள் என்கிறது புராணம். சுந்தரர் அழவில்லை, அந்த ஊர்க் கோயிலில் போய் நின்று, இப்படிப்பட்ட இடத்தில் உமக்கு என்ன வேலை என்று இறைவனைக் கோபித்துப் பாடினார். பொன் திரும்பி வந்தது.

இனித் தியாகையர். 1767-ல் பிறந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதியைத் திருவையாற்றில் கழித்தவர். அரண்மனைக்குப் போய்ப் பாடச் சம்மதிக்காதவர். உஞ்சவிருத்தி எடுத்துச் சீடர்களோடு சாப்பிட்டவர். அவர் நெடும்பயணம் கிளம்பியது எழுபது வயதுக்குப் பக்கத்தில், 1830-களின் பிற்பகுதியில். காஞ்சியிலிருந்து துறவி உபநிஷத் பிரம்மம் எழுதிய அழைப்பு ஒரு காரணம். சென்னையிலிருந்த சீடர் வீணை குப்பையரும் கோவூர் சுந்தரேச முதலியாரும் விடாமல் அழைத்தது இன்னொரு காரணம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது 1856 ஜூலை 1-ஆம் தேதி. தியாகையர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. ஆகவே அவர் பார்த்த பட்டணத்துக்குப் பல்லக்கிலும் கால்நடையாகவும்தான் வர வேண்டியிருந்தது. அந்த வயதில் அது விளையாட்டில்லை.

ஜார்ஜ் டவுனில் பந்தர் தெருவில் முதலியார் வீட்டில் தங்கினார். அந்த வீட்டுக் கூடத்தில் நாட்கணக்கில் தேவகாந்தாரி பாடினார் என்று சங்கீதக்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். குப்பையருக்குச் சொந்த ஊர் திருவொற்றியூர். குருவை அங்கேயும் அழைத்துக்கொண்டு போனார். அங்கே பிறந்தவை ஐந்து கீர்த்தனைகள், பேகடா, கல்யாணி, ஆரபி, சுத்த சாவேரி, சாவேரி ராகங்களில். ஒற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று பெயர். கோயிலில் இருக்கும் சுவாமியின் பெயரும் தியாகராஜர்தான். பிறந்த ஊர்ச் சுவாமிக்கும் அதே பெயர், தனக்கும் அதே பெயர். அப்படியிருந்தும் ஐந்தையும் அவர் பாடியது வடிவுடையம்மன் மேல், திரிபுரசுந்தரி என்று அழைத்து. மகன் ஊரிலிருந்து வந்தால் முதலில் அம்மாவிடம்தானே போவான்?

முதலியார் தன் ஊரான கோவூருக்கும் அழைத்துப் போனார். கோவூர், சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கு மிக அருகில் இருக்கிறது. சுந்தரர் கதையை எழுதியவரின் ஊர்ப்பக்கமே தியாகையரும் வந்து போயிருக்கிறார். அங்கேயும் ஐந்து கீர்த்தனைகள், அவை கோயில் சுவாமி மேல். அழைத்துவந்த பணக்காரரைப் பாடவில்லை. முதலியாருக்கு அதில் வருத்தமும் இல்லை. அவர் செய்த காரியம் ஒன்றுதான். தியாகையர் கையில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று தெரிந்து, ஆயிரம் பொன்னைச் சீடர் ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பல்லக்குக்குள் மறைத்து வைத்தார்.

நாகலாபுரம் காட்டில் இருட்டு நேரத்தில் கல் விழத் தொடங்கியது. திருடர்கள். பொன்னைப் பற்றித் தெரிந்த சீடருக்கு உயிர் போய் உயிர் வந்தது. நம்மிடம்தான் ஒன்றுமில்லையே, ஏன் பயப்படுகிறாய் என்று குரு கேட்க, விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியானால் எடுத்துக் கொடுத்துவிடு என்றார் அவர். அது ராமநவமி உற்சவத்துக்கென்று கொடுத்த பணம் என்று சீடர் சொன்னதும், அப்படியென்றால் அதைக் காப்பாற்றுவது ராமனுடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டார். தர்பார் ராகத்தில் ‘முந்து வெனுக’ கீர்த்தனை இந்த இரவோடு சேர்த்துச் சொல்லப்படுவது. விடிந்ததும் திருடர்களே வந்து, பல்லக்கின் கூடவே வந்து எங்கள் மேல் அம்பு விட்ட அந்த இரண்டு இளைஞர்கள் எங்கே என்று கேட்டார்களாம்.

சீடப் பரம்பரை வழியாக வந்த கதை இது. பக்தர்களுக்கு இரண்டு இளைஞர்கள் முக்கியம். எனக்கு அந்தச் சீடர் முக்கியம். குருவுக்குத் தெரியாமல் பொன்னைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு மரநிழலுக்கும் பயந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் நடந்த அந்த மனிதர். பெரிய கலைஞரின் பயணத்தில் எப்போதும் இப்படி ஒருவர் இருப்பார். பணத்தை எண்ணி வைப்பதும் வண்டி பேசுவதும் ராத்திரி தூங்காமல் இருப்பதும் அவர் வேலை. அவர் பெயர் கச்சேரி நோட்டீஸில் வராது.

இன்றைக்கும் அவர் இருக்கிறார். ஆடி மாதம் கூழ் வார்க்கும் சமயத்தில் ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்து இன்னிசைக் குழுக்களும் கானாக் குழுக்களும் ஓய்வில்லாமல் ஓடும். முன்பணம் கொஞ்சம் கிடைத்திருக்கும். பாக்கி, நிகழ்ச்சி முடிந்தபிறகு. முடிந்தபிறகு விழாக் குழுவில் பணம் வைத்திருப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியையும் கீபோர்டையும் மினி லாரியில் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, அதன் மேலேயே இரண்டு பேர் உட்கார்ந்து வருவார்கள். எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் விடிந்துவிடும். குழுவில் பாடுகிற பெண்களுக்கு இன்னும் ஒரு பாடு உண்டு. நடுநிசி கழித்து வீட்டுக்கு வருகிற பெண்ணைத் தெரு எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. ராயபுரத்தில் வளர்ந்து, சிறுமியாகத் தந்தையின் குழுவில் பாடத் தொடங்கிய கானா இசைவாணியை 2020-ல் பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் வராத எத்தனையோ பாடகிகள் இந்தத் தெருக்களில் செருப்புச் சத்தம் கேட்காமல் படியேறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். திருவிழா நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம்: பாக்கியை மேடை ஏறும் முன்பே கொடுத்துவிடலாம், பெண்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வண்டிக்கும் சேர்த்தே பேசலாம். ஒரு சாமியானாவுக்குச் செய்யும் செலவைவிட இது பெரிதாக ஆகிவிடாது.

தியாகையர் திருவரங்கத்தையும் லால்குடியையும் பாடிவிட்டுத் திருவையாறு சேர்ந்தார். பட்டணத்துப் பக்கம் அவர் மறுபடி வரவில்லை. 1847 ஜனவரி 6-ல் காவிரிக் கரையில் மறைந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1845-ல், குப்பையருக்கு ஒரு பையன் பிறந்தான். தியாகராஜன் என்று பெயர் வைத்தார்கள். சுவாமி பெயரும் ஆயிற்று, குரு பெயரும் ஆயிற்று. திருவொற்றியூர்த் தியாகையர் என்று பேரெடுத்து 1917 வரை வாழ்ந்தவர் அவர். இன்று வீணை கற்கும் பிள்ளைகளும் வாய்ப்பாட்டுப் பிள்ளைகளும் பாடம் பண்ணும் ‘கருணிம்ப’ சஹானா வர்ணம் அவர் செய்தது. அப்பாவும் பிள்ளையுமாக முத்தியாலுப்பேட்டையில் நடத்திய சங்கீத உற்சவங்களுக்குப் பட்டணத்தின் வித்வான்கள் யார் யார் வந்தார்கள், நெசவாளர்களின் காலடிப்பேட்டைக்கும் அந்தச் சங்கீதத்துக்கும் என்ன உறவு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)